டூல்கிட் “ஸ்க்ரீன் ரீடர் ஆதரவு உண்டு” என்றால் எதுவரை நம்பலாம்?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். கணக்கு எழுதும் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றை உருவாக்கியிருக்கிறீர்கள். பார்வையற்ற பயனர் ஒருவர் அதை என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் (திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள்) வைத்துத் திறந்து பார்த்துவிட்டு, “பாதி பட்டன்கள் வெறுமனே ‘பட்டன்’ என்கின்றன, அட்டவணைக்குள் போனால் சத்தமே இல்லை” என்று எழுதியிருக்கிறார். பட்டன், மெனு போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் டூல்கிட்டின் ஆவணத்தில் ஸ்க்ரீன் ரீடர் ஆதரவு உண்டு என்று போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன் இப்படி? டூல்கிட்டையே மாற்றிவிடலாமா, இல்லை குரல் எஞ்சின் ஒன்றைச் சேர்த்து மென்பொருளையே பேச வைத்துவிடலாமா? இதுதான் நீங்கள் கேட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: டூல்கிட் தானாகச் செய்து தருவது எதுவரை, நம் வேலை எங்கே தொடங்குகிறது? அதைத்தான் எழுதப் போகிறேன். டெஸ்க்டாப் மென்பொருள்களை ஸ்க்ரீன் ரீடரோடு ஒத்துப்போக வைப்பது பல வருடமாக என் வேலை. விண்டோஸும் லினக்ஸும்தான் அதிகம், மேக் குறைவு. அதனால் மேக் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன்.

ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர் இருந்தாலும் அது திரையைப் பார்ப்பதில்லை. டாஸ் காலத்தில் ஓரளவு பார்த்தது என்று சொல்லலாம். திரையில் தெரிந்த எழுத்துகள் வீடியோ நினைவகத்திலும் எழுத்துகளாகவே இருந்தன, எடுத்துப் படித்தால் போதும். வரைகலை இடைமுகம் வந்ததும் அந்த வசதி போயிற்று; நினைவகத்தில் மிஞ்சியது வெறும் புள்ளிகள். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். 1989-ல் மேக்கிண்டாஷுக்கு வந்த அவுட்ஸ்போக்கனும் பின்னால் விண்டோஸுக்கு வந்த ஸ்க்ரீன் ரீடர்களும், “இந்த இடத்தில் இந்த எழுத்தை வரை” என்று செயலி இயங்குதளத்துக்குக் கொடுக்கும் கட்டளைகளை இடைமறித்து, திரையின் நகல் ஒன்றைத் தங்களுக்குள் கட்டிக்கொண்டன. ஆஃப்-ஸ்க்ரீன் மாடல் என்பார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் செயலி எழுத்தைப் படமாக வரைந்துவிட்டால் நகலில் ஒன்றும் இருக்காது. வேறு நிறத்தில் இருக்கும் வரி தேர்வு செய்யப்பட்டதா, தலைப்பா, சும்மா அழகுக்கா என்று ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

1997-ல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் ஆக்சஸிபிலிட்டி வந்தபோது விண்டோஸில் இது மாறத் தொடங்கியது: ஊகிப்பதற்குப் பதில் செயலியிடமே கேட்டுவிடுவது. இன்று எல்லா இயங்குதளத்திலும் நடப்பது இதுதான். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். உங்கள் படிவத்தில் பயனர் டேப் கீயை அழுத்துகிறார். ஃபோகஸ், அதாவது கீபோர்டு அழுத்தல்கள் போய்ச் சேரும் இடம், அடுத்த பெட்டிக்கு நகர்கிறது. டூல்கிட் உடனே “ஃபோகஸ் இங்கே வந்துவிட்டது” என்று ஒரு ஈவென்ட்டை (அறிவிப்பை) வெளியே அனுப்புகிறது. அதற்காகக் காத்திருக்கும் என்விடிஏ, அந்த விண்டோவுக்கு ஒரு மெசேஜ் போட்டு ஆக்சஸிபிலிட்டி ஆப்ஜெக்டை வாங்கிக்கொள்கிறது. பிறகு வரிசையாகக் கேட்கிறது. உன் பெயர் என்ன? வாடிக்கையாளர் பெயர். நீ என்ன வகை? எடிட். என்ன நிலையில் இருக்கிறாய்? ஃபோகஸ் என்னிடம் இருக்கிறது, திருத்தலாம், கட்டாயம் நிரப்ப வேண்டும். உள்ளே என்ன? ஒன்றுமில்லை. இந்தப் பதில்களைக் கோத்து “வாடிக்கையாளர் பெயர், எடிட், கட்டாயம், காலி” என்று பேசுகிறது. பிரெயில் டிஸ்ப்ளே இணைத்திருந்தால் அதே விவரம் விரலடிக்கும் போகிறது. உங்கள் பெட்டியின் நிறமோ நிழலோ வளைந்த ஓரமோ இந்த உரையாடலில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

இந்த உரையாடலுக்கான மொழி இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு. விண்டோஸில் மேலே சொன்ன பழைய இடைமுகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் போதாமைகளை நிரப்ப ஐபிஎம் 2006-ல் ஐஆக்சஸிபிள்2 என்ற விரிவாக்கத்தைப் பொதுவில் விட்டது; ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபிஸ் எல்லாம் அதைப் பேசும். மைக்ரோசாஃப்ட் தன் வழியில் யூஐ ஆட்டோமேஷன் என்ற புதிய அமைப்பை விஸ்டாவோடு கொண்டுவந்தது. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது சி++ எழுதுபவர்களுக்கும் அது கைக்கு வந்தது. லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ. அது முதலில் கோர்பா என்ற தொடர்பு அமைப்பின் மேல் ஓடியது, க்னோம் 3 காலத்தில் டி-பஸ்ஸுக்கு மாறியது; அதன் மறுமுனையில் ஓர்க்கா என்ற ஸ்க்ரீன் ரீடர் இருக்கிறது. மேக்கில் ஆப்பிளின் சொந்த ஆக்சஸிபிலிட்டி இடைமுகம், 2005 முதல் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்க்ரீன் ரீடர். டூல்கிட் என்பது இந்த மொழிகளுக்கும் உங்கள் கோடுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். பட்டன் என்று ஒருமுறை எழுதினால், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் அதற்குரிய பதிலை அது சொல்ல வேண்டும்.

இங்கேதான் டூல்கிட்கள் இரண்டாகப் பிரிகின்றன. விண்டோஸ் ஃபார்ம்ஸ், டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், எஸ்டபிள்யூடி போன்றவை பெரும்பாலும் இயங்குதளத்தின் சொந்தப் பட்டனையே எடுத்து உங்களுக்குக் கொடுக்கின்றன. அந்தப் பட்டனுக்குப் பதில் சொல்ல ஏற்கெனவே தெரியும், இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். என்விடிஏவின் சொந்த மெனுவும் செட்டிங்ஸ் பெட்டிகளும் டபிள்யூஎக்ஸ்பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்பது சும்மா அமைந்த விஷயம் இல்லை. மறுபக்கம் க்யூட்டி, ஜிடிகே, ஸ்விங், ஜாவாஎஃப்எக்ஸ், டபிள்யூபிஎஃப், ஃப்ளட்டர், எலெக்ட்ரான் எல்லாம் தங்கள் விட்ஜெட்களை, அதாவது பட்டன், பெட்டி போன்ற உறுப்புகளை, தாங்களே வரைபவை. இயங்குதளத்தின் பார்வையில் அங்கே இருப்பது ஒரே ஒரு பெரிய விண்டோ, உள்ளே ஏதோ படம். இந்த வகை டூல்கிட் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் ஒரு நிழல் ஆப்ஜெக்டைத் தானே உருவாக்கி வெளியே காட்ட வேண்டும். அதைக் காட்டுகிறதா, எவ்வளவு முழுமையாகக் காட்டுகிறது என்பதுதான் “ஆதரவு உண்டு” என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது.

தாமே வரைபவை மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். க்யூட்டியில் சாதாரணப் பட்டன், செக்பாக்ஸ், காம்போபாக்ஸ், மெனு, டேப் எல்லாம் நீங்கள் ஒரு வரிகூட எழுதாமலே பேசும். 2018-ல் வந்த 5.11 முதல் அது விண்டோஸில் யூஐ ஆட்டோமேஷன் பேசுகிறது. டபிள்யூபிஎஃப்பும் அப்படித்தான். சிக்கல் வேறு இடத்தில்: டூல்கிட்டுக்கு வகை தெரியும், நிலை தெரியும், பெயர் தெரியாது. பட்டன் மேல் எழுத்து இருந்தால் அதையே பெயராக எடுத்துக்கொள்ளும். ஐகான் மட்டும் இருந்தால் எதை எடுப்பது? உங்கள் பயனர் கேட்ட “பட்டன், பட்டன், பட்டன்” இதுதான். நூறு டூல்கிட் மாற்றினாலும் இது தீராது, ஏனென்றால் அந்தக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு “பதிவை நீக்கு” என்று பொருள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். ஆக்சஸிபிள் நேம் என்ற பண்பு ஸ்க்ரீன் ரீடர் ஆதரவுள்ள எல்லா டூல்கிட்டிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது, அதை நிரப்புங்கள். “நீக்கு பட்டன்” என்று போடாதீர்கள், வகையை ஸ்க்ரீன் ரீடர் தானே சேர்த்துச் சொல்லும். “நீக்கு பட்டன் பட்டன்” என்று கேட்கும்.

எடிட் பெட்டிகளின் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. விண்டோஸின் சாதாரண டயலாக்கில், பெட்டிக்கு முன்னால் வரிசையில் எந்த லேபிள் இருக்கிறதோ அதுவே பெயராகிவிடும். திரையில் பக்கத்தில் இருப்பது கணக்கில்லை, உருவாக்கிய வரிசைதான் கணக்கு. டிசைனரில் ஒரு பெட்டியை நடுவில் புதிதாகச் செருகினால் வரிசை கலைந்து, தொலைபேசி எண் பெட்டி “முகவரி” என்று பேசத் தொடங்கும். கண்ணால் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். க்யூட்டியிலும் ஜிடிகேயிலும் லேபிளை அதன் பெட்டியோடு வெளிப்படையாக ஜோடி சேர்க்கும் வசதி இருக்கிறது. க்யூட்டியின் ஃபார்ம் லேஅவுட்டில் ஒரே வரியாகச் சேர்த்தால் ஜோடி தானாகவே அமைந்துவிடும். டபிள்யூபிஎஃப்பில் இன்னொரு பழைய நோய்: லிஸ்ட்டில் உங்கள் சொந்த கிளாஸின் ஆப்ஜெக்டுகளைப் போட்டு, டெம்ப்ளேட் வைத்து அழகாகக் காட்டியிருப்பீர்கள். ஸ்க்ரீன் ரீடரோ ஒவ்வொரு வரிக்கும் கிளாஸின் முழுப்பெயரை, புள்ளிகள் உட்பட, படித்துக்கொண்டு போகும். டெம்ப்ளேட்டில் என்ன வரைந்தீர்கள் என்று டூல்கிட் பார்ப்பதில்லை. ஆப்ஜெக்டை எழுத்தாக மாற்றினால் என்ன வருமோ அதைப் பெயராகக் கொடுத்துவிடுகிறது. அந்த மாற்றத்தை நீங்கள் எழுதவில்லை என்றால் கிளாஸ் பெயர்தான் வரும்.

அடுத்த கட்டம், நீங்களே வரைந்த விட்ஜெட். வெறும் விட்ஜெட்டை எடுத்துப் பெயின்ட் ஃபங்ஷனில் வரைந்தது, க்யூட்டியின் இடைமுக மொழியான க்யூஎம்எல்லில் ஒரு செவ்வகமும் மவுஸ் ஏரியாவும் சேர்த்துப் “பட்டன்” ஆக்கியது, கேன்வாஸில் வரைந்த வரைபடம், இவை எதையும் டூல்கிட்டால் ஊகிக்க முடியாது. வகை, பெயர், நிலை, செய்யக்கூடிய செயல் என்று எல்லாவற்றையும் நீங்கள் சொல்ல வேண்டும். க்யூஎம்எல்லில் ஆக்சஸிபிள் என்ற இணைப்புப் பண்புகள் உண்டு. சி++ பக்கம் க்யூஆக்சஸிபிள்இன்டர்ஃபேஸ் எழுத வேண்டும். டபிள்யூபிஎஃப்பில் ஆட்டோமேஷன் பியர். எழுத முடியாத வேலை இல்லை, ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சாதாரணப் பட்டனுக்கு ஸ்டைல் மாற்றினால் இதே தோற்றம் வராதா? பத்தில் ஏழெட்டு முறை வரும். இதோடு சேர்த்து கீபோர்டையும் பாருங்கள். டேப்பில் போய்ச் சேர முடியாத பட்டனுக்கு எவ்வளவு நல்ல பெயர் வைத்தும் பயனில்லை.

பெயரும் வகையும் சரியானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி ஈவென்ட்கள். செக்பாக்ஸில் டிக் விழுந்தது, மதிப்பு மாறியது, புதிய வரி சேர்ந்தது என்று மாற்றம் நடந்த நொடியில் டூல்கிட் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் ஸ்க்ரீன் ரீடருக்கு அது நடக்கவே இல்லை. சொந்த விட்ஜெட்களில் பலர் தவறவிடுவது இதைத்தான்: கேட்டால் சரியான பதில் வரும், ஆனால் கேட்கச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இதன் இன்னொரு முகம் ஃபோகஸ் இல்லாத இடத்தில் தோன்றும் செய்திகள். “சேமிக்கப்பட்டது” என்று கீழே ஸ்டேட்டஸ் பாரில் மின்னி மறைவதைப் பார்வையற்றவர் எப்படி அறிவார்? இதற்கு நேரடியான வழி டெஸ்க்டாப் டூல்கிட்களில் வெகு தாமதமாகத்தான் வந்தது. விண்டோஸ் 10-ல் யூஐ ஆட்டோமேஷனுக்கு நோட்டிஃபிகேஷன் ஈவென்ட் கிடைத்தது. ஜிடிகேயில் 4.14-லும் க்யூட்டியில் 6.8-லும் அறிவிப்புக்கான வசதி சேர்ந்தது, இரண்டும் 2024-ல். உங்கள் டூல்கிட் பதிப்பு இதைவிடப் பழையதாக இருந்தால் இந்தக் காரணத்துக்காகவே பதிப்பை ஏற்றலாம். வசதி கிடைத்துவிட்டதே என்று எல்லாவற்றையும் அறிவித்துத் தள்ளாதீர்கள், அது இதைவிடப் பெரிய தொல்லை.

எழுத்துப் பகுதியும் அட்டவணையும்தான் ஒரு டூல்கிட்டின் தரத்தை உண்மையில் காட்டும் இடங்கள். பட்டனை யாரும் பேச வைத்துவிடலாம். பல வரி எடிட்டரில் பயனர் இடது வலது அம்புக்குறியை அழுத்தும்போது கர்சர் எங்கே இருக்கிறது, அங்கே இருக்கும் எழுத்து எது, சொல் எது, வரி எது, எதிலிருந்து எதுவரை தேர்வாகியிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். தமிழில் எழுதப்படும் கணக்கு என்றால் இன்னொரு பொடி விஷயம். “தொகை” என்ற சொல்லில் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடு: த, ஒகரக் குறி, க, ஐகாரக் குறி. யூடிஎஃப்-8-ல் பன்னிரண்டு பைட். ஜிடிகே உள்ளே யூடிஎஃப்-8-ல் வைத்திருக்கும், க்யூட்டி யூடிஎஃப்-16-ல் வைத்திருக்கும், வெளியே ஏடி-எஸ்பிஐ குறியீட்டு எண்ணிக்கையில் பேசும். இந்த மாற்றத்தில் எங்கே பிசகினாலும் கர்சர் ஓரிடத்தில் இருக்கும், குரல் வேறிடத்தைப் படிக்கும். மாற்றம் சரியாக இருந்தாலும், “கர்சரில் உள்ள எழுத்து என்ன” என்று கேட்டால் டூல்கிட் முழு “தொ”வைக் கொடுக்கிறதா, வெறும் “த”வை மட்டும் கொடுக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இவை கண்ணிலேயே படாது. நீங்கள் தமிழில் தட்டச்சு செய்து அம்புக்குறியில் நடந்து பார்க்க வேண்டும்.

எழுத்துப் பகுதியை நீங்களே வரைந்திருந்தால் நிலைமை கடினம். ஜிடிகே 4 2020 டிசம்பரில் வந்தபோது ஆக்சஸிபிலிட்டி அமைப்பை அடியோடு மாற்றி எழுதினார்கள். பழைய ஏடிகே அடுக்கு போயிற்று. நல்ல மாற்றம்தான், ஆனால் வெளியார் எழுதும் எழுத்து விட்ஜெட்கள் உரையை வெளிக்காட்ட ஒரு பொது இடைமுகம் 4.14 வரை இல்லை. டெர்மினல் விட்ஜெட் போன்றவை அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டன. டூல்கிட்டின் பெரிய எண் ஏறும்போது ஆக்சஸிபிலிட்டி பின்னுக்குப் போவது இது ஒன்றுதான் என்றில்லை. பதிப்பை ஏற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டியவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணைக்கு வருவோம், உங்கள் பயனர் அமைதி என்று சொன்ன இடம். கணக்குப் பதிவுகள் ஐம்பதாயிரம் வரி, வரிக்கு எட்டுக் கட்டம் என்றால் நான்கு லட்சம் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் ஆப்ஜெக்ட் உருவாக்கினால் மென்பொருள் திணறும். நல்ல டூல்கிட்கள் கேட்கும்போது மட்டும் உருவாக்குகின்றன. சில கிரிட் (அட்டவணை) கம்போனன்ட்கள் திரையில் தெரியும் வரிகளை மட்டும் உருவாக்கி, மீதி இல்லவே இல்லை என்பதுபோல நடந்துகொள்ளும். அப்போது ஐம்பதாயிரம் வரி இருக்கும் பட்டியல் “20-ல் 3” என்று பேசும். யூஐ ஆட்டோமேஷனில் இதற்கென்றே தனி பேட்டர்ன் உண்டு, கம்போனன்ட் எழுதியவர் அதைச் செயல்படுத்தியிருக்க வேண்டும். அப்புறம் ஃபோகஸ்: பல டூல்கிட்களில் கீபோர்டு ஃபோகஸ் அட்டவணை மேலேயே நிற்கும், உள்ளே எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைத் தனி ஈவென்ட்டாகச் சொல்ல வேண்டும். அது வராவிட்டால் அம்புக்குறிக்கு அமைதிதான் பதில். என் ஊகம், உங்கள் சிக்கல் இதுதான். வெளியிலிருந்து வாங்கிய கிரிட் என்றால் இன்னும் பலமாக ஊகிப்பேன். கடைசியாக நெடுவரிசைத் தலைப்பு. “1,250” என்று மட்டும் கேட்டால் அது பற்றா, வரவா? கட்டத்துக்கும் தலைப்புக்கும் உள்ள தொடர்பை டூல்கிட் சொன்னால்தான், பக்கவாட்டில் நகரும்போது “வரவு, 1,250” என்று கேட்கும். கணக்கு மென்பொருளில் இது இல்லை என்றால் மற்றது எல்லாம் இருந்தும் வேலை நடக்காது.

வேகமும் இங்கேதான் அடிபடும். ஸ்க்ரீன் ரீடர் தனி ப்ராசஸ், அதாவது உங்கள் செயலிக்கு வெளியே தனியாக ஓடும் நிரல். ஒவ்வொரு கேள்வியும் ப்ராசஸ் எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். என்விடிஏ தன் கோடில் ஒரு பகுதியை உங்கள் செயலிக்குள்ளேயே செலுத்தி அந்தப் பயணத்தைக் குறைக்கிறது. யூஐ ஆட்டோமேஷனில் பல பண்புகளை ஒரே கேள்வியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கேஷ் வசதி உண்டு. லினக்ஸில் எல்லாம் டி-பஸ் வழியாகப் போவதால், பெரிய பட்டியலை அலட்சியமாக எழுதினால் ஓர்க்கா தடுமாறுவது காதிலேயே கேட்கும்.

எல்லாம் சரியாக எழுதியும் ஊமையாக இருக்கும் செயலிகள் உண்டு. காரணம், அந்த நிழல் ஆப்ஜெக்டுகளைக் கோத்த ஆக்சஸிபிலிட்டி மரத்தைக் கட்டுவது செலவு என்பதால் பல டூல்கிட்கள் அதைத் தேவைப்படும்போது மட்டும் இயக்குகின்றன. குரோமியம், அதன் மேல் நிற்கும் எலெக்ட்ரான், யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துத்தான் தொடங்கும். சில சமயம் கடவுச்சொல் மேலாளர் போன்ற ஏதோ ஒன்று கேட்டு, தேவையில்லாமல் தொடங்கிவிடுவதும் உண்டு. ஜாவா இன்னும் ஒரு படி மேலே. ஸ்விங்கில் ஆக்சஸிபிலிட்டி 1998 முதலே நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் விண்டோஸில் அதை வெளியே கொண்டுவர ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜ் வேண்டும். ஜாவா 7-ன் ஆறாவது அப்டேட் முதல் அது உடனேயே வருகிறது, ஜாப்ஸ்விட்ச் கட்டளையால் இயக்க வேண்டும். இன்று பலர் ஜேலிங்க் வைத்து ஜாவாவைச் சுருக்கிச் செயலியோடு கட்டிக் கொடுக்கிறார்கள். அதில் ஆக்சஸிபிலிட்டி மாட்யூலைச் சேர்க்க மறந்தால் கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் சத்தம் வராது. டெவலப்பர் கணினியில் பேசும், பயனர் கணினியில் பேசாது. சோதனையை இன்ஸ்டாலர் வழியாக நிறுவிய பிரதியில் செய்யச் சொல்வது இதனால்தான்.

சரி, எந்த டூல்கிட்? புதிதாகத் தொடங்குபவர் கேட்டால், விண்டோஸ் மட்டும் போதும் என்றால் இயங்குதளத்தின் சொந்தக் கன்ட்ரோல்களைத் தரும் ஏதாவது ஒன்று என்பேன். மூன்று இயங்குதளமும் வேண்டும் என்றால் க்யூட்டி விட்ஜெட்ஸ் அல்லது டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ். டிகே வேண்டாம். பைத்தானோடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பலர் அதில் தொடங்குகிறார்கள், ஆனால் 2024-ல் வந்த 9.0 வரை ஸ்க்ரீன் ரீடருக்கான ஏற்பாடே அதில் இல்லை. ஃபைல் டயலாக் பேசும், மற்றது கிட்டத்தட்ட ஊமை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் எல்லாவற்றையும் புதிதாக வரையும் டியர் ஐஎம்குய் வகையிலும் அப்படித்தான், நிலையான விட்ஜெட் என்று ஒன்று இல்லாததால் கேள்வி கேட்க ஆளே இல்லை. அந்த வகைக்கு இது முடியவே முடியாது என்றுதான் பலகாலம் நினைத்திருந்தோம். மேட் கேம்ப்பெல் ரஸ்ட்டில் எழுதத் தொடங்கிய ஆக்சஸ்கிட் அந்த எண்ணத்தை மாற்றியது. டூல்கிட் தன் மரத்தை அதனிடம் தள்ளிவிட்டால், ஒவ்வொரு இயங்குதளத்தோடும் பேசுவதை அது பார்த்துக்கொள்ளும். ஈகுய் 2022-ல் அதைச் சேர்த்துக்கொண்டது. விண்டோஸிலும் மேக்கிலும் பல வருடம் ஊமையாக இருந்த ஜிடிகேயும் 2025-ல் 4.18-ல் அதை ஒரு வழியாக ஏற்றது. சொந்தமாக டூல்கிட் எழுதும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது இல்லை என்பதையும் பிரித்துவிடுகிறேன். கேள்வி-பதில் அமைப்பு, பெயர் உங்கள் பொறுப்பு, நீங்களே வரைந்தது தானாகப் பேசாது, ஈவென்ட் இல்லாமல் மாற்றம் தெரியாது: இவை எந்த டூல்கிட்டுக்கும் உறுதி, பதிப்பு மாறினாலும் மாறாது. குறிப்பிட்ட விட்ஜெட் குறிப்பிட்ட இயங்குதளத்தில் எவ்வளவு நன்றாகப் பேசும் என்பது அப்படியல்ல. ஒரே க்யூட்டி அட்டவணை என்விடிஏவில் ஒருவிதமாகவும் விண்டோஸோடு வரும் நரேட்டரில் வேறுவிதமாகவும் கேட்கும். மேக்கில் மூன்றாவது விதம். ஒரு பதிப்பில் சரியாக இருந்தது அடுத்ததில் உடையும். லினக்ஸில் திரையைக் கையாளும் புதிய அமைப்பான வேலண்டுக்கு மாறும்போது கீக்களைக் கேட்பது போன்ற அடிப்படை விஷயங்களே புதிதாகக் கட்டப்படுகின்றன, அதனால் இன்று நான் சொல்லும் அனுபவம் இரண்டு வருடத்தில் பழசாகலாம். டூல்கிட் பரிந்துரையும் என் பழக்கத்தில் விளைந்த தீர்ப்புதான். உங்கள் மென்பொருளில் இருக்கும் மிகச் சிக்கலான இரண்டு திரைகளை மட்டும் சிறு மாதிரியாக எழுதி ஸ்க்ரீன் ரீடரில் ஓட்டிப் பாருங்கள், என் பேச்சைவிட அது நம்பகமானது.

குரல் எஞ்சின் சேர்ப்பதை ஆரம்பத்திலிருந்தே மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்கள் பயனரிடம் ஏற்கெனவே ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பேசும். அவர் தன் குரலை, நம் காதுக்குப் புரியாத வேகத்துக்கு, பல வருடமாகப் பழக்கி வைத்திருக்கிறார். எழுத்து எழுத்தாகக் கேட்பது, திரும்பக் கேட்பது, பாதியில் நிறுத்துவது எல்லாவற்றுக்கும் விரல் பழகிய கீக்கள் உண்டு. அவை எதுவும் உங்கள் குரலில் இருக்காது. பிரெயிலில் படிப்பவருக்கு, குறிப்பாகக் காதும் கேளாதவருக்கு, உங்கள் குரலால் ஒரு பயனும் இல்லை. விளையாட்டுகளில் சில இடங்களில் சொந்தக் குரல் பொருந்தும். கணக்கு மென்பொருளில் பொருந்தாது.

இப்போதைக்கு டூல்கிட்டை மாற்ற வேண்டாம். என்விடிஏ இலவசம், நிறுவிக்கொள்ளுங்கள். அதில் ஸ்பீச் வியூவர் என்று ஒன்று இருக்கிறது, பேசுவதை எல்லாம் எழுத்தாகக் காட்டும். குரலுக்குக் காது பழகும்வரை அது உதவும். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பதிவை உள்ளிட்டு, திருத்தி, நீக்கிப் பாருங்கள். மரத்தை நேராகப் பார்க்க விண்டோஸில் ஆக்சஸிபிலிட்டி இன்சைட்ஸ், லினக்ஸில் ஆக்சர்சைசர், மேக்கில் எக்ஸ்கோடோடு வரும் ஆக்சஸிபிலிட்டி இன்ஸ்பெக்டர் இருக்கின்றன.

அப்புறம் உங்களுக்கு எழுதிய அந்தப் பயனரிடம் ஓர் உதவி கேளுங்கள். அமைதியாக இருக்கும் இடத்தில் ஃபோகஸை வைத்து, என்விடிஏ கீயோடு எஃப்1 அழுத்தினால் லாக் வியூவர் திறந்து அந்த ஆப்ஜெக்டின் விவரம் முழுவதும் வரும். அதை நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியின் உள்ளடக்கமும் அதில் இருக்கும் என்பதால் உண்மையான கணக்கு வேண்டாம், மாதிரிப் பதிவில் செய்யட்டும். வந்த விவரத்தில் வகை “பட்டன்” என்று சரியாக இருந்து பெயர் மட்டும் காலியாக இருந்தால் அது உங்கள் வேலை, ஒரு வரியில் தீரும். கட்டத்துக்குள் நின்றபோதும் வகை அட்டவணை என்றே வந்தால் கட்டம் மாறிய ஈவென்ட் வெளியே போகவில்லை. கிரிட்டின் அமைப்பிலும் அதை எழுதியவரிடமும் தேடுங்கள். உள்ளே எதுவுமே தெரியாமல் வெறும் விண்டோ கிளாஸின் பெயர் மட்டும் வந்தால்தான் அந்தப் பகுதி எதையும் வெளிக்காட்டவில்லை என்று பொருள். அந்த கிரிட்டை மாற்றலாமா என்று அப்போது யோசிக்கலாம். அந்த விவரம் கிடைத்ததும் டூல்கிட்டின் பெயர், பதிப்போடு இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.